எம்டனும் எண்ணெயும்



எங்கள் தஞ்சைத் தரணியில் ஒருவனை "அவன் பெரிய எம்டன்" என்று சொன்னால், அவன் எளிதிற் பிடிபடாதவன், பிறர் எதிர்பாராத வேளையில் எதிர்பாராத காரியத்தை முடித்துவிடுபவன் என்று பொருள். தமிழ் வேர்ச்சொற்களில் எவ்வளவு தேடினாலும் இச்சொல்லுக்கு மூலம் கிடைக்காது. செருமனியின் வடகடற்கரையில் எம்டன் என்றொரு துறைமுக நகர் உண்டு. அந்நகரின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைக்கு முன்னே வந்து நின்றது. நின்றது அரைமணிக்கும் குறைந்த நேரமே. அச்சிறு பொழுதுக்குள், நூறாண்டு கடந்தும் மறையாத ஒரு சொல்லை நம் பேச்சு வழக்கில் விட்டுச் சென்றது.

இதனை வீரக்கதையாகச் சொல்வோர் பலர். அக்கப்பல் எதைக் குறிவைத்துச் சுட்டது என்று கேட்டால் அவர்களிற் பலர் விழிப்பர். அது கோட்டையைக் குறிவைக்கவில்லை. ஆளுநர் மாளிகையைக் குறிவைக்கவில்லை. துறைமுகத்தருகே நின்ற பர்மா எண்ணெய்க் கம்பெனியின் மண்ணெண்ணெய்த் தொட்டிகளையே குறிவைத்தது. ஒரு நாட்டின் எண்ணெய் எங்கிருந்து வருகிறது, எவ்வழியாக வருகிறது, அவ்வழி எவ்விடத்தில் அறுபடக்கூடும் என்னும் வினாக்கள் தமிழகத்தின் வாயிற்படியில் வந்து நின்ற நாள் அதுவே. அவ்வினாக்களைப் பற்றியே இன்று சில செய்திகள் சொல்ல எண்ணுகிறேன்.

விளக்கெரிக்க எண்ணெய் வேண்டும் என்பதும், அது தடையின்றி வரவேண்டும் என்பதும் நமக்குப் புதிய கவலைகள் அல்ல. சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுக்களைப் படித்தவர்கள், அணையாது எரியும் நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் வழங்கப்பட்ட செய்தியைப் பல ஊர்களிற் கண்டிருப்பார்கள். ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். அவ்வாடுகளுக்குச் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். சாகாத ஆடும் மூப்படையாத ஆடும் உலகில் ஏது? கிழடும் செத்ததும் கழிய, அவ்விடத்தைக் குட்டிகளால் நிரப்பி, எண்ணிக்கை என்றும் 96-க்குக் குறையாமல் வைத்திருக்கவேண்டும் என்பதே அதன் கருத்து. நெய்யைக் கொடையாகக் கொடுக்காமல், நெய் வரும் வழியைக் கொடையாகக் கொடுத்து, அவ்வழி வற்றாமலிருக்க விதியும் வகுத்த அக்காலத்தாரின் அறிவு வியக்கத்தக்கது.

வீடுகளிலோ ஆமணக்கெண்ணெய், இலுப்பை எண்ணெய், புன்னை எண்ணெய் என்று அவ்வவ்வூரில் விளைந்தவை எரிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் வந்தது. முதலில் அமெரிக்காவிலிருந்தும், பிறகு உருசியாவின் பாக்கு நகரிலிருந்தும் வந்தது. 1892-இல் மியூரெக்ஸ் என்னும் கப்பல், தகர டின்களில் அடைக்காமல் தன் வயிற்றிலேயே எண்ணெயை நிரப்பிக்கொண்டு சூயஸ் கால்வாயைக் கடந்து கிழக்கே வந்தது. இதற்குள் பர்மாவில் எனாஞ்சாங் என்னுமிடத்துக் கிணறுகள் பெருகின. 1886-இல் தோன்றிய பர்மா எண்ணெய்க் கம்பெனி, அங்கிருந்து இரங்கூன் அருகிலுள்ள சிரியம் சுத்திகரிப்பு ஆலை வரையில் 275 மைல் நீளமுள்ள குழாய் ஒன்றைப் பதித்தது.

1914-ஆம் ஆண்டில் எங்கள் திருப்பனந்தாளில் ஒரு வீட்டுத் திண்ணையில் சிம்னி விளக்கு எரிந்தது என்றால், அச்சுடருக்குப் பின்னே இருந்த நெடுவழியை எண்ணிப் பாருங்கள். எனாஞ்சாங் கிணறு, சிரியம் ஆலை, வங்கக் கடலைக் கடக்கும் எண்ணெய்க் கப்பல், சென்னைத் தொட்டி, தகர டின், இரயில், ஆடுதுறை நிலையம், மாட்டு வண்டி. எண்ணெய் தீர்ந்த டின்னும் வீணாகாது. கிணற்றடியில் நீர் இறைக்கவும், குதிரில் அள்ளிய நெல்லை அளக்கவும், வெட்டிப் பரப்பினால் கொட்டகைக்குக் கூரையாகவும் அது உதவிற்று. ஆனால் ஊரில் விளைந்த இலுப்பையையும் புன்னையையும் விட்டு, கடல் கடந்து வரும் பொருளை நம்பி விளக்கேற்றத் தொடங்கிய அந்நாளிலேயே, நம் வீட்டு வெளிச்சம் பிற நாட்டார் போருக்கு உட்பட்டதாகிவிட்டது.

இனி அந்த இரவுக்கு வருவோம். புரட்டாசி மாதம், நவராத்திரிக் காலம். அமாவாசை கழிந்து இரண்டொரு நாளே ஆன கரிய இருட்டு. ஐரோப்பாவில் போர் தொடங்கி ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. எம்டன் வங்கக் கடலுக்குள் புகுந்து செப்டம்பர் 10-ஆம் நாள் முதல் வணிகக் கப்பல்களைப் பிடித்துவந்தது. ஆயினும் சென்னைத் துறைமுகத்தில் விளக்குகள் எரிந்தன. உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியிலிருந்த கலங்கரை விளக்கமும் வழக்கம்போற் சுழன்று ஒளி வீசிற்று. நண்பனுக்கு வழிகாட்டும் விளக்கு பகைவனுக்கும் வழிகாட்டும் அன்றோ? கப்பல் தலைவர் கார்ல் ஃபான் முல்லர், இரவு சுமார் 9.30 மணியளவில், கரையிலிருந்து ஏறத்தாழ 3,000 கஜ தூரத்திற் கப்பலை நிறுத்தி, தேடொளி பாய்ச்சி, சுடுமாறு கட்டளையிட்டார். ஏறத்தாழ 130 குண்டுகள் பாய்ந்தன. தொட்டிகள் தீப்பற்றின. இலட்சக்கணக்கான காலன் மண்ணெண்ணெய் எரிந்தது. துறைமுகத்திலிருந்த கப்பலொன்றும் அடிபட்டது. குறைந்தது ஐவர் உயிரிழந்தனர். இலக்குத் தப்பிய குண்டுகளுள் ஒன்று உயர்நீதிமன்ற வளாகத்து மதிலைத் தாக்கிற்று. அவ்விடத்தில் அதனை நினைவூட்டும் பலகையை இன்றும் காணலாம். கரைப் பீரங்கிகள் மறுமொழி கூறின; ஒரு குண்டும் கப்பலின்மேற் படவில்லை. எம்டன் விளக்கணைத்து இருளில் மறைந்தது. நெடுந்தொலைவு சென்ற பின்னும் அக்கப்பலிலிருந்தோர் சென்னைத் தீயின் ஒளியைக் கண்டனர்.

(செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்து வழிகாட்டினார் என்று சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. அவர் அவ்வாண்டு ஐரோப்பாவில் இருந்தார். தேசபக்தரின் பெருமைக்கு இவ்வாறான துணைக்கதை வேண்டுவதில்லை.)

எரிந்த எண்ணெயின் அளவைக் கொண்டு பார்த்தால், பேரரசுக்கு அது பெரிய இழப்பு ஆகாது. முல்லர் விரும்பியதும் எண்ணெயை அழிப்பதன்று. ஆங்கிலேயர் கடலைக் காக்கவல்லவர் என்னும் நம்பிக்கையை எரிப்பதே அவர் நோக்கம். அது நிறைவேறிற்று. மறுநாள் முதல் ஆயிரக்கணக்கானோர் இரயிலிலும் வண்டியிலும் கால்நடையாகவும் சென்னையை விட்டு வெளியேறினர். வங்கக் கடலிற் கப்பற்போக்குவரத்துத் தடைப்பட்டது. கப்பற்சரக்குக் காப்புறுதிக் கட்டணம் ஏறிற்று. ஒரு வலையின் ஒரு கண்ணி அறுந்தால் அக்கண்ணியின் அளவே இழப்பு என்று எண்ணுவது பிழை. காவிரிப் பாசனத்தில் வாழும் நமக்கு இது சொல்லித் தெரியவேண்டியதன்று. தலைமடையில் ஓர் உடைப்பு ஏற்பட்டால், உடைப்பெடுத்த நாலு முழம் கரையா நமக்கு இழப்பு? கடைமடை வரை உள்ள அத்தனை நாற்றங்காலும் இழப்பேயாகும். அதற்குமேல், நீர் வராது என்னும் வதந்தி நீருக்கு முன்னே ஓடிப் பாதிப் பேரை விதைக்காமற் செய்துவிடும்.

எம்டனின் முடிவும் நம் பொருளுக்குப் பொருத்தமான பாடம். பிறர் எரிபொருளை எரித்த அக்கப்பல், தான் நிலக்கரி இன்றி ஒரு நாளும் ஓட இயலாதது. மார்க்கோமானியா என்னும் கரிக்கப்பல் நிழல்போல் உடன் வந்தது. பிடித்த கப்பல்களிலிருந்த கரியும் உதவிற்று. அதன் வேட்டையைக் கண்டு நடுங்கிய ஆங்கிலேயர் கடலெங்கும் துரத்தினர். ஆனால் அதனை வீழ்த்துவதற்கு வழிசெய்தது ஒரு சிறு தந்திச் செய்தி. நவம்பர் 9-ஆம் நாள் கோகோஸ் தீவிலிருந்த தந்தி நிலையத்தை அழிக்க எம்டன் ஆட்களை இறக்கிற்று. இயந்திரங்களை அவர்கள் உடைப்பதற்கு முன்பே, அயற்கப்பல் ஒன்று வந்திருக்கிறது என்னும் செய்தியை அங்கிருந்த பணியாளர் காற்றில் அனுப்பிவிட்டனர். அருகே சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி விரைந்து வந்தது. எம்டன் சிதைந்து பவளப்பாறையில் ஏறி நின்றது. எண்ணெய் வழிக்குத் துணையாகச் செய்தி வழியும் காக்கப்படவேண்டும் என்பது அன்று வெளிப்பட்டது.

இரண்டாம் உலகப்போரில் நேர்ந்தது இதனினும் கொடிது. 1942 மார்ச்சு 8-இல் இரங்கூன் சப்பானியர் கைப்பட்டது. அதற்கு முந்திய நாளே சிரியம் சுத்திகரிப்பு ஆலையை ஆங்கிலேயர் தம் கையாலேயே வெடிவைத்து அழித்தனர். ஏப்பிரல் நடுவில் எனாஞ்சாங் கிணறுகளும் அவ்வாறே அழிக்கப்பட்டன. ஐம்பதாண்டுகளாக வளர்த்த கிணறுகளைப் பகைவனுக்கு உதவாமற் செய்வதற்காக, அவற்றை வளர்த்தவர்களே தூர்த்தனர். எம்டன் தொட்டிகளைச் சுட்டது. இம்முறை ஊற்றே அடைபட்டது. நம் நாட்டுக்கு வந்த மண்ணெண்ணெயிற் பெரும்பங்கு பர்மாவினது. பர்மாவை நம்பியிருந்த விளக்குகள் மங்கின. பங்கீடு வந்தது. மறந்துபோன புன்னை எண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் மாடத்துக்குத் திரும்பின. அதே மாதங்களில், பர்மாவில் வாழ்ந்த தமிழரும் பிறரும் மலைகளையும் காடுகளையும் கால்நடையாகக் கடந்து அஸ்ஸாமை நோக்கி வந்தார்கள். வழியில் மாண்டவர் எண்ணற்றோர். எண்ணெய் வழி அறுந்த இடத்தில் மனிதர் வழியும் அறுந்தது.

ஏப்பிரல் 6-ஆம் நாள் விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்தது. 9-ஆம் நாள் இலங்கையின் திருக்கோணமலை தாக்கப்பட்டது. ஆங்கிலேயர் தம் கடற்படைக்கென அங்கே காட்டுக்குள் மறைவாக எண்ணெய்த் தொட்டிகளை வரிசை வரிசையாக அமைத்திருந்தனர். சப்பானிய விமானம் ஒன்று ஒரு தொட்டியின்மீது வீழ்ந்து வெடிக்க, அது பல நாட்கள் எரிந்தது. அன்றே மட்டக்களப்புக் கடலில் இரண்டு எண்ணெய்க் கப்பல்களும் மூழ்கடிக்கப்பட்டன. ஆயினும் திருக்கோணமலையில் ஏனைய தொட்டிகள் தப்பின. காரணம் எளியது. எல்லா எண்ணெயையும் ஒரே கலத்தில் வைக்காமல், இடைவெளிவிட்டுப் பல கலங்களில் வைத்திருந்தார்கள். நூறு தொட்டிகளுள் ஒன்று எரிந்தால் தொண்ணூற்றொன்பது எஞ்சும். அவ்வாறு எஞ்சியவற்றில் 61-ஐ இந்திய இலங்கைக் கூட்டு நிறுவனமும், 24-ஐ இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனமும், 14-ஐ லங்கா ஐ.ஓ.சி. நிறுவனமும் பயன்படுத்துவது என்று 2022 சனவரியில் உடன்படிக்கை ஆயிற்று.

பிற்காலத்துச் செய்திகளை நீங்கள் பாடநூல்களிற் படித்திருப்பீர்கள்; விரித்துரைக்கவில்லை. 1956-இலும் 1967-இலும் சூயஸ் கால்வாய் மூடப்பட்டது. இரண்டாம் முறை எட்டாண்டுகள் திறக்கப்படவில்லை. கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தன. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை ஆயுதமாகக் கொண்டன. பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 3 டாலருக்கு விற்றது, 1974 சனவரியில் 12 டாலரை எட்டிற்று. அப்பொழுது நான் பள்ளி மாணவன். பங்கீட்டுக் கடை வாசலில் விடியுமுன்பே டின்களும் புட்டிகளும் வரிசையாக நிற்கும். ஆளுக்குப் பதிலாக ஒரு கல்லை வைத்து இடம் பிடித்தோரும் உண்டு. அரிக்கேன் விளக்கின் திரியைத் தணித்து வைத்துப் பாடம் படித்தவர்களுக்கு அரேபியப் பாலைவனம் நிலநூற் படத்தில் மட்டும் இருந்ததன்று.

விளக்கைவிடப் பெரிய கவலை வயலில் இருந்தது. ஆடுதுறை 27 போன்ற புதிய நெல்வகைகள் 1960-களில் நம் மாவட்டத்தில் பரவின. அவை உரத்தை விரும்பி உண்பவை. சென்னை மணலியில் 1969-இல் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையிலிருந்து நாப்தா கிடைத்தது. அருகிலேயே அமைந்த உரத் தொழிற்சாலை நாப்தாவிலிருந்து அமோனியாவையும், அமோனியாவிலிருந்து யூரியாவையும் ஆக்கிற்று. மணலி ஆலையைப் பெரிதும் ஊட்டியது கடல்வழி வந்த கச்சா எண்ணெய். ஆகவே பாரசீக வளைகுடாவில் ஒரு கப்பல் நின்றால், ஆடுதுறையில் ஒரு மூட்டை யூரியாவின் விலை ஏறும். நீரிறைக்கும் டீசல் எஞ்சினும் அப்படியே. நெல்லைத் தின்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நாம் ஓரளவு எண்ணெயையும் தின்கிறோம்.

1973-இன் அடி உலக நாடுகளுக்குச் சில பாடங்களைக் கற்பித்தது. 1974-இல் பன்னாட்டு எரிசக்தி முகமை தோன்றிற்று. உறுப்பு நாடு ஒவ்வொன்றும் தன் நிகர இறக்குமதியில் 90 நாட்களுக்கு ஈடான எண்ணெயைச் சேமித்து வைக்கவேண்டும் என்பது அதன் விதி. நம் நாடு அந்நெறியைப் பின்பற்றப் பல ஆண்டுகள் ஆயின. 1990-இல் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது எண்ணெய் விலை ஏற, மறு ஆண்டு நம் அயற்செலாவணிக் கையிருப்பு சில வாரங்களின் இறக்குமதிக்கே போதுமான நிலைக்கு வந்தது. பின்னர் விசாகப்பட்டினத்தில் 13.3 இலட்சம் டன்னும், மங்களூரில் 15 இலட்சம் டன்னும், உடுப்பி அருகே பாதூரில் 25 இலட்சம் டன்னும் கொள்ளும் சேமிப்புக் குகைகள் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டன. முழுவதும் நிரம்பினால் நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் ஏறத்தாழ 9½ நாட்களுக்குப் போதும் என்று கணக்கிடப்பட்டது. ஆலைகளில் இருக்கும் இருப்பு இதற்குப் புறம்பானது.

இக்குகைகளின் அமைப்பு அறியத்தக்கது. பாறையில் வெடிப்புகள் இருக்கத்தான் செய்யும். எண்ணெய் அவற்றின் வழியே கசியாதா? குகைக்கு மேலே பாறையில் துளைகளிட்டு நீரைச் செலுத்தி வைக்கின்றனர். சூழ்ந்துள்ள நீரின் அழுத்தம் எண்ணெயின் அழுத்தத்தினும் மிகுதியாக இருப்பதால், நீர் உள்நோக்கி வருமேயன்றி எண்ணெய் வெளிநோக்கிச் செல்லாது. உள்ளே வந்த நீர் அடியில் தங்கும், அதனை இறைத்துவிடலாம். இரும்புத் தகடு வேண்டாம். வானத்திலிருந்து பார்ப்பவன் கண்ணுக்குத் தொட்டியும் தெரியாது. 1914-இல் சென்னைக் கரையில் வெட்டவெளியில் நின்ற தொட்டிகளோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். 1942-இல் குண்டு விழுந்த விசாகப்பட்டினத்திலேயே முதற்குகை அமைந்தது என்பதும் நினைக்கத்தக்கது.

குகை இருந்தும் பயனில்லாத இடர்களும் உண்டு. 2020 செப்டம்பர் 3-ஆம் நாள், குவைத்திலிருந்து ஒரிசாவின் பாராதீப்புக்கு 2,70,000 டன் கச்சா எண்ணெயுடன் வந்த நியூ டயமண்ட் என்னும் பெருங்கப்பல், இலங்கையின் கீழ்கரையில் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பற்றியது. எஞ்சின் அறையில் எழுந்த தீ அது. பகைவர் எவரும் இல்லை. இலங்கைக் கடற்படையும் இந்தியக் கடலோரக் காவற்படையும் பல நாட்கள் நீர் பாய்ச்சிப் போராடி, எண்ணெய் அறைகளைத் தீ எட்டாமல் தடுத்தன. மாலுமி ஒருவர் இறந்தார். அத்தீ எண்ணெயைத் தொட்டிருந்தால், மட்டக்களப்பு முதல் நம் கோடியக்கரை வரை மீனவர் நிலை யாதாகியிருக்கும்? இருநாட்டு வீரர்கள் செய்த இப்பேருதவி எம்டன் கதையைப்போற் பேசப்படாதது எனக்கு வருத்தமே.

2022-இல் அதே இலங்கையில் வேறு வகையில் வழி அறுந்தது. கடலில் தடையில்லை, கப்பல்களும் இருந்தன. விலை கொடுக்க அயற்செலாவணி இல்லை. சூன் மாத இறுதியில் இன்றியமையாப் பணிகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. யாழ்ப்பாணத்து மீனவர் மண்ணெண்ணெய் இன்றிப் படகுகளைக் கரையேற்றி வைத்தனர். பாக்கு நீரிணைக்கு அப்பால் நம் கண்ணெட்டும் தொலைவில் இது நிகழ்ந்தது.

இறுதியாக எங்கள் ஊர்ப்பக்கத்துக்கே வருகிறேன். காவிரிப் படுகையில் 1980-களின் நடுவில் நரிமணம் முதலிய இடங்களில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1993-இல் நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் சிறு சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. கிணறுகளிலிருந்து குத்தாலம் முதலிய சேகரிப்பு நிலையங்களுக்கு வயல்களின் அடியில் குழாய்கள் சென்றன. எனாஞ்சாங்கிலிருந்து வந்த எண்ணெய்க்குக் கடைமடையாக இருந்த நாம், இப்பொழுது தலைமடையும் ஆனோம். 2017 சூன் 30-ஆம் நாள், திருப்பனந்தாளுக்கு அணித்தேயுள்ள கதிராமங்கலத்தில், எண்ணெய் இயற்கை எரிவாயுக் கழகத்தின் குழாய் ஒன்றிற் கசிவு ஏற்பட்டு, கச்சா எண்ணெய் வயலிற் பரவிற்று. ஊரார் திரண்டனர், மாவட்ட ஆட்சியர் நேரில் வரவேண்டும் என்றனர். வைக்கோலில் தீப்பற்றியது, காவலர் தடியடி நடத்தினர், சிலர் கைதாயினர். போராட்டம் பல மாதங்கள் நீடித்தது.

அங்கே சிந்திய எண்ணெய், எம்டன் எரித்ததன் முன் ஒரு துளி. ஆயினும் எண்ணெய் வழியின் காவலைப் பற்றிப் பேசுவோர் சென்னைத் தொட்டிகளினும் கதிராமங்கலத்தை ஊன்றிக் கவனிக்கவேண்டும் என்பது என் கருத்து. குழாய்க்கு மேலே உழுபவன் நாள்தோறும் அவ்விடத்தில் நிற்கிறான். நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதப்பதை முதலிற் காண்பவனும், அதன் நாற்றத்தை முதலில் உணர்பவனும் அவனே. கோகோஸ் தீவின் தந்தி நிலையம் செய்ததை இங்கே செய்யவல்லவன் அவன். அவனுக்கு அக்குழாயின் வயது என்ன, எப்பொழுது சோதிக்கப்பட்டது, கசிந்தால் யாரிடம் சொல்வது, சொன்னால் எத்தனை மணி நேரத்தில் வருவார்கள், கெட்ட நிலத்துக்கு யார் பொறுப்பு என்னும் செய்திகள் தெரிந்திருந்தால் அவன் காவலன் ஆவான். அவை தெரியாதபோது, தன் நிலத்தடியில் ஓடும் பொருளைப் பகையாகவே எண்ணுவான்; அவ்வாறு எண்ணுபவனைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அவன் கையிலுள்ள நிலம் ஒன்றே.

2020 பிப்பிரவரியில் தமிழ்நாடு சட்டப்பேரவை, காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை நிறைவேற்றிற்று. மண்டலத்துக்குள் புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் தோண்டுவது தடுக்கப்பட்டது. முன்னரே இயங்கிவந்த கிணறுகளையும் அவற்றின் குழாய்களையும் அச்சட்டம் தொடவில்லை.